என்னை வரைய வந்தவர்

ஒஹாயோ,
பிப்ரவரி 4

அன்புள்ள தாமசினா,

உன் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. இங்கே பனி இன்னும் விடவில்லை.

எங்கள் கல்லூரி உணவுக்கூடத்துச் சுவர் உனக்கு நினைவிருக்கும். முன்னாள் தலைவர்களின் எண்ணெய் வண்ணப் படங்கள். அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். நான் பதவியேற்ற அன்று அதைப் பார்த்து, "உன்னையும் இங்க மாட்டுவாங்கடி. அப்ப நம்ம கறுப்புத் தோலுக்கு என்ன கலர் வாங்குறதுன்னு முழிப்பாங்க பாரு" என்று சிரித்தாய். ஒரு தலைவர் விலகும்போதுதான் இங்கே படம் வரைவார்கள். பதவியில் இருப்பவரை வரைவதில்லை.

நேற்று ஓவியர் வந்தார்.

ஒன்றும் அறியாத மனிதர். என் கன்னத்தருகே வண்ண அட்டைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏப்ரலுக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்காங்க மேடம், எப்ப உக்காருவீங்க?" என்றார். காபி கொண்டுவந்த என் செயலாளர் கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆட்சிக்குழுத் தலைவர் விட்கோமைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அடடா, அந்த ஆளு முந்திக்கிட்டாரா? கூட்டத்துக்கு முன்னால நானே சொல்லலாம்னு இருந்தேன், ஆர்டீலியா. உடம்பு சரியில்ல, விலகுறேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் மரியாதை" என்றார். எனக்கு முன்பிருந்தவரை அவர் பெயர் சொல்லாமல் 'டாக்டர்' என்றுதான் அழைப்பார்.

மாலைநேரச் செவிலியர் வகுப்புகளை மூட நான் கையெழுத்திடவில்லை. அதுதான் என் குற்றம். வேலை முடிந்து சீருடையோடே ஓடிவரும் நம் பெண்கள்தான் அதில் பாதிக்கு மேல். எனக்குப் பின் வருபவர் முதல் வாரத்திலேயே கையெழுத்திடுவார்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்படி எழுதிக் கொடுக்க மாட்டேன். என்னை நீக்க ஓட்டெடுப்பு நடக்கட்டும், தோற்பேன். என்னை எதிர்த்துக் கை தூக்குபவர்கள் என் எதிரில் தூக்கட்டும். படத்துக்கு உட்காரவும் மறுத்துவிட்டேன். புகைப்படத்தைப் பார்த்து வரைந்துகொள்வார்களாம்.

உன் பல்கலைக்கழகத்தில் தலைவர் பதவிக்கு உன்னைக் கேட்கிறார்கள், ஏற்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. சரி என்று எழுதவும் கை ஓடவில்லை.

கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. பார்வையாளர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலிகள் உண்டு. முழங்கால் இடம் கொடுத்தால் வா. நீ எதுவும் பேச வேண்டாம். கைகளை எண்ணி முடித்து நான் நிமிரும்போது கண்ணில் படுகிற இடத்தில் இரு. உன் பதிலை அதன்பிறகு முடிவுசெய்.

படிகளில் பனி உறைந்திருக்கும், பார்த்து ஏறு.

உன்
ஆர்டீலியா