சென்னையிலிருந்து வந்த ஆள்

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் அம்மா போனில் கேட்டது ஒரு நம்பர்தான்.

"கோயில் ஆர்மோனியத்துல ஒரு கட்டை அழுத்தாமயே கத்திக்கிட்டு இருக்குதாம்மா. ஞாயித்துக்கெழம எம்பொண்ணுக்கு வருசப் பூசை. சென்னையில இருந்து வந்து சரிபண்ணாரே, அவர் நம்பர் உங்கிட்ட இருக்குதா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அப்படி ஓர் ஆள் இல்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

குயிலாப்பாளையத்துப் பழைய சாமான் கடை. உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். நூறு வயதாவது இருக்கும். துருத்தியை எலி தின்றிருந்தது. "இது பாடாதும்மா, மேல டிவி வெச்சிக்கலாம்" என்றார் கடைக்காரர். "டிவி இருக்குதுண்ணா, பாட்டுதான் இல்ல" என்றாய். சேர்ந்து வாங்கினோம். இரண்டு பேர் பெயரிலும் கோயிலுக்குக் கொடுப்பது என்று திரும்பும் வழியிலேயே முடிவானது.

மழைக்காலம். உப்பளம் நீருக்கடியில். வேலையில்லாமல் அப்பா வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து, ஒலி எழுப்பும் பித்தளை ரீடுகளை வரிசையாக அடுக்கினோம். கிணற்று நீரில் கழுவினோம். மறுநாள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. "இந்த ஊர்ல பொறந்துட்டு கெணத்து உப்புத் தண்ணியிலயா கழுவுவீங்க?" அப்பா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு கேன் தண்ணீர்.

துருத்திக்கு நீ துணி ஒட்டினாய். சுருதி என் வேலை. ரீடின் நுனியைச் சுரண்டினால் ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். கொஞ்சம் அதிகமானால் ரீடு போச்சு. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாய். "ஒன் காது யாருக்கும் வராதுடி" என்பாய். நம்பினேன்.

ஆர்மோனியத்தை ஃபாதர் மந்திரித்த அன்று மூன்றாவது வரிசையில் இருந்தேன். உன் குடும்பத்தின் உபயம் என்று வாசித்தார். சென்னையிலிருந்து நிபுணரை வரவழைத்துச் செப்பனிட்டது என்றும் வாசித்தார். அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவள் நீ. அப்பா என் பக்கம் திரும்பினார். நீ திரும்பவில்லை.

வாசலில் கேட்டேன்.

"உப்பளத்துக்காரன் பொண்ணு சரிபண்ணான்னு சொன்னா எவன்டி நம்புவான்? அத தொடவே மாட்டாங்க."

அன்பாகத்தான் சொன்னாய். அதுதான் இன்றும் எரிகிறது. நம்பாதவர்களில் நீயும் ஒருத்தியா என்று கேட்க வாயெடுத்தேன். யாரோ உன்னைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஈசிஆர் ரோட்டில் அந்த லாரி.

உன் குழியில் மண் போட்டேன். அழுதேன். கோபம் குறையவில்லை. உன் அம்மாவுக்கு மிச்சமிருப்பது உன் நல்ல பெயர் மட்டும்தான். அதைக் கலைக்க நான் யார் என்று, போன் வந்த பிறகு மூன்று நாள் யோசித்தேன். என் பெயரை எடுத்துவிட நீ யார் என்றும்.

எங்கே ஆர்மோனியம் கேட்டாலும், நுனியா அடியா என்று காது இன்னும் தேடுகிறது. அதை மட்டும் உன்னால் வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

சனிக்கிழமை அரத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கோயில் வாசலில் சாவியோடு நின்ற உன் அம்மா, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்கள்.

"ஆளு எங்கம்மா?"

"நான்தாம்மா. அப்பவும் நான்தான்."

அவர்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பின்பலகையைக் கழற்றி, அந்தக் கட்டையின் கீழே அடைத்திருந்த தூசியைத் துடைத்தேன்.