சங்கு குடிக்கும் ஆவி

ஜூன் 12, திங்கள்

கம்ப்யூட்டரெல்லாம் ஒரே ராத்திரியில் நின்றுவிடும் என்று உலகமே பயந்து, ஒன்றும் நிற்காமல் விடிந்தது இந்த வருஷம்தான். ஒரு கிலோ பச்சைத் தேயிலை விற்ற காசுக்கு ஒரு டீயும் ஒரு வடையும்தான் என்று ஆனதும் இந்த வருஷம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷங்களை இப்படி முடிச்சுப் போட்டு வைத்தால் அவிழாது.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பக்கத்து வீட்டு அம்சவேணி. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவள். எட்டாவது பாஸ்.

டைரி கொடுத்தவர் மேனேஜர் தினகரன் சார். "சங்கு எப்ப ஊதுனீங்க, எவ்வளவு நேரம் ஊதுனீங்க, எல்லாம் இதுல ஏறணுமுங்க லிங்கசாமி அய்யா" என்றார். ஃபேக்டரி நட்டத்தில் ஓடுகிறது. விறகு எதில் வீணாகிறது என்று அளக்கப் போகிறார்களாம். சங்கு ஊதுவது பாய்லர் ஆவியில். அது அதிகமாக ஆவி குடிக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். சங்கு நின்றால் ஊதுகிறவன் எதற்கு? அவனுக்கென்று விட்டு வைத்த இந்த லைன் வீடு எதற்கு? எழுபத்து நாலு வயதில் நான் எங்கே போவேன் — இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

ஜூன் 13, செவ்வாய்

எட்டு மணிக்கு மூன்று நீட்டு. நீட்டி மூன்று தடவை ஊதினால், இன்றைக்கு இலை வாங்குகிறோம் என்று அர்த்தம். இப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். மழை.

ஜூன் 14, புதன்

கோயமுத்தூர் காலேஜிலிருந்து சில்வஸ்டர் சார் வந்தார். பாய்லரிலிருந்து சங்குக்குப் போகும் குழாயில் ஒரு முழத்தை அறுத்தெடுத்துவிட்டு, தான் கொண்டு வந்த துண்டைப் பூட்டினார். அதற்குள் நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகடு. தகட்டுக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று காட்ட, வளைந்த கண்ணாடிக் குழாயில் சிவப்பு மைத் தண்ணீர்.

"தண்ணி போறத அளக்கறது சுலபமுங்க. ஆவி அப்படியில்ல. அமுக்குனா சுருங்கும், உட்டா விரியும்."

"சார், சங்கோட வாயை எவ்வளவு திறந்தாலும் ஒரு அளவுக்கு மேல ஆவி போகாதுங்க. ஒருக்கா மேல இருக்கற கிண்ணத்தையே கழட்டிட்டு ஊதிப் பார்த்தேன். பாய்லர் முள்ளு எப்பவும் இறங்கற அளவுக்குத்தான் இறங்குச்சு."

அவர் என்னையே பார்த்தார். "யாருங்க சொல்லிக் கொடுத்தது?"

"முள்ளுதானுங்க."

உட்கார்ந்து விளக்கினார். ஓட்டையின் இடுக்கில் ஆவி சத்தத்தின் வேகத்தை எட்டிவிட்டால், கீழ்ப்பக்கம் என்ன நடந்தாலும் மேல்பக்கத்துக்குத் தெரியாதாம். சேதி போவதும் சத்தத்தின் வேகத்தில்தானாம். எதிர்த்து ஏற முடியாதாம்.

"இலை விலைக்கு நாம கொடுத்த மனு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அம்சவேணி. அவர் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஜூன் 15, வியாழன்

சங்கு எவ்வளவு விறகு தின்கிறது என்று அளக்க ஒரு லாரி விறகு போட்டு பாய்லரைக் கிளப்பினோம்.

முதல் ஊதலில் சிவப்பு மைத் தண்ணீர் முழுவதும் குழாயை விட்டு எகிறி மேனேஜர் சட்டைக்குப் போனது. பிறகு சில்வஸ்டர் சார் பாதரசம் ஊற்றினார். ஊது, நிறுத்து, வாயைத் திற, ஊது. மொத்தம் பதினேழு தடவை.

"ஒரே அளவுங்க! எத்தனை திறந்தாலும் ஒரே அளவு!" சில்வஸ்டர் சார் குதிக்காத குறை.

"அதைத்தானுங்களே நேத்துச் சொன்னேன்."

"நீங்க சொன்னது சரிதானுங்க. ஆனா நான் அளந்தாத்தான் அது அளவு."

பத்து மணிக்கு கேட்டில் ஒரே கூச்சல். கீழ்ச் சரிவில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பங்கஜம், தலையில் மூட்டையோடு நிற்கிறாள். பின்னால் ஜீப், ஆட்டோ, இன்னும் மூட்டை, இன்னும் மூட்டை.

"கிலோ பதினேழு ரூவாயாமே?"

இன்றைக்குச் சோதனை என்று ஊருக்குள் ஒருத்தரும் சொல்லவில்லை. மலை முழுக்க ஊதலை எண்ணி, அதுதான் இன்றைய விலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் — ஓர் ஊதலுக்கு ஒரு ரூபாய்!

மேனேஜர் இலை வாட்டும் மாடிக்கு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்தபடியே, "நீங்க சொன்னா கேப்பாங்க, போயிச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். சோதனைதான், விலையெல்லாம் பழைய விலைதான்.

"ஏனுங்க லிங்கசாமியண்ணா, நாப்பது வருசமா இந்தச் சங்கு ஒரு நாளாவது பொய் சொல்லியிருக்குதா? இன்னைக்குப் பொய் சொல்றது நீங்கதான்" என்றாள் பங்கஜம்.

கிள்ளிய இலை மூட்டைக்குள் சூடேறினால் கெட்டுவிடும். திருப்பி எடுத்துப் போய் என்ன செய்வார்கள்? அத்தனையும் வாங்க வேண்டியதாயிற்று, பழைய விலைக்கு. வசவு முழுவதும் எனக்கு.

ஜூன் 16, வெள்ளி

நேற்று வாங்கிய இலை தீராமல் மிஷின் இன்னும் நிற்கவில்லை. சங்கு ஊதக் கூடாது என்று உத்தரவு.

ஜூன் 26, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. ஒரு நீட்டுக்குச் சங்கு குடிக்கும் ஆவிக்கு இரண்டு விறகுக் கட்டை கூட வேண்டாமாம். ட்ரையர் வால்வில் ஒழுகுவதே அதைவிட அதிகமாம். ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"விறகு பிரச்சினையில்லீங்க. பதினேழு ரூவாதான் பிரச்சினை" என்றார் மேனேஜர். இனிமேல் சங்குக்குப் பதில் கேட்டில் போர்டு எழுதி வைப்பார்களாம். ஆடி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அம்சவேணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதும்மா என்றேன்.

"எழுதீட்டா நெசமாயிருமுங்ண்ணா."

ஜூன் 27, செவ்வாய்

போர்டு வைத்தார்கள். வந்தது நாலு மூட்டை. அதில் மூன்று மேனேஜரின் மச்சான் தோட்டத்து இலை.

ஜூன் 30, வெள்ளி

ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். "மைக்குல யார் வேணா என்ன வேணா பேசலாம். சங்கு ஊதட்டும், பாக்கலாம்" என்று பங்கஜம் மூட்டையைக் கட்டவே இல்லையாம். இன்றைக்கு இரண்டு மூட்டை. மச்சானும் வரவில்லை.

ஜூலை 3, திங்கள்

மேனேஜர் என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு.

"நாளைக்கு வந்து ஊதுங்கய்யா."

எதை ஊதுவது? சில்வஸ்டர் சார் தன் தகட்டையும் துண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அறுத்தெடுத்த பழைய முழம் சாக்கில் கிடக்கிறது. குன்னூரிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள் வந்து பார்த்தார்கள். இந்த மாதிரித் திருகு மரை இப்போது எங்கேயும் கிடையாது, புதுக் குழாய்தான் போட வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். புதுக் குழாய்க்கு ஆபீசில் கையெழுத்து ஆகாது.

தேவாலா பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். டைரியை மூடிவை என்றேன்.

ஜூலை 7, வெள்ளி

தேவாலாவில் தன் மகள் வீட்டில் இருந்த மனுவேலை அழைத்து வந்து மூன்று நாளாயிற்று. அந்தக் காலத்தில் இந்தக் குழாயைப் போட்டவர்களில் ஒருவன். சங்குப் பக்கத்திலேயே வேலை செய்து இரண்டு காதும் போனவன். மரையைக் கையாலேயே அரம் போட்டு, வெள்ளை ஈயமும் சணலும் சுற்றிப் பூட்டினான். இன்று காலை நான் வால்வைத் திறந்தேன். அவன் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒழுகுது. இன்னொரு சுத்து" என்று கத்தினான். சுற்றினேன். தலையை ஆட்டினான்.

எட்டு மணிக்கு மூன்று நீட்டு. எட்டரைக்கு கேட்டில் பங்கஜம். பதினோரு மணிக்கு ரோட்டில் மூட்டை வைக்க இடமில்லை.

"ஊட்டைக் காலி பண்ண வேண்டாமுங்க" என்று மேனேஜர் போகிற போக்கில் சொன்னார். பிறகு திரும்பி வந்து, இந்தக் குழாய் வேலை தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் டைரியில் எழுதச் சொன்னார், இனி ஒரு தரம் வேண்டியிருக்குமாம்.

குழாயைப் போட்டவர்கள் நாலு பேர். வெள்ளியங்கிரி, மண்சரிவு வந்த வருஷம் செத்துப் போனான். இசக்கி, ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம் வைத்த மாசம். பொன்ராஜ் போன தை, ஸ்ரீமதுரையில்.

இருப்பது மனுவேல்.