அந்த வால்வை எங்கே ஒளித்து வைத்தீர்கள், அண்ணை?

ஆசை அண்ணைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. ஆகவே நேராகவே கேட்கிறேன். படகுக்குள் தண்ணீரை அடைக்கிற வால்வு எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதமும் உங்களை நினைத்து அழுதேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தேன். உங்கள் பெயருக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டேன். போன செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக உங்களைத் திட்டினேன். உங்கள் படகின் நடுவில் நின்று, இரண்டு பேர் பார்க்க, சத்தமாகத் திட்டினேன்.

நீங்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஹரோவில் இருந்த மூன்று அறை வீட்டை விற்றீர்கள். எட்மண்டனில் லீ ஆற்றோரம் கட்டிக் கிடந்த ஒரு நீளப் படகை வாங்கி அதற்குள் குடிபோனீர்கள். கலியாணமும் கட்டவில்லை, ஏன் என்று கேட்க வீட்டில் ஆளும் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் வீடு வாங்க ஓடித் திரிகிற ஊரில், வீட்டை விற்றுவிட்டுத் தண்ணீரில் போய் இருந்த யாழ்ப்பாணத்து மனிதர் நீங்கள் ஒருவர்தான். கோவிலில் யாராவது "அண்ணை இப்ப எங்க இருக்கிறார்?" என்று கேட்டால், "எட்மண்டனிலதான்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். அது பொய்யில்லைத்தானே?

என் வீட்டிலிருந்து உங்கள் படகுக்கு இருபது நிமிட நடை. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் உள்ளே வரவில்லை. "ஒருக்கா வந்து பாரன் தங்கச்சி" என்று எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? "முழங்கால் ஏலாதண்ணை, உந்த ஏணியில இறங்க என்னால முடியாது" என்பேன். முழங்கால் நோவது உண்மை. நான் வராததற்கு அது மட்டும் காரணமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தபோது வித்யாவின் அழைப்பு வந்தது. உங்கள் படகுக்குப் பக்கத்துப் படகில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். உங்கள் செத்தவீட்டில் அழுது கண் வீங்கி நின்றவளிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

"ஆன்ட்டி, இன்னைக்கு ராத்திரி மைனஸ் ஆறு போடுறாங்க. நாலு நாளைக்கு இப்படித்தானாம். அங்கிள் போட்ல தண்ணி எல்லாம் எடுத்தாச்சுங்களா?"

"என்ன தண்ணி பிள்ளை?"

அவள் பொறுமையாக விளக்கினாள். நீங்கள் இருந்தவரை உள்ளே அடுப்பு எரிந்தது, அதனால் குளிர் ஒன்றும் செய்யவில்லை. இப்போது மூன்று மாதமாக ஆளில்லாத படகு. குழாய்களுக்குள் நிற்கிற தண்ணீர் உறைந்தால் பருத்துக் குழாயை வெடிக்கச் செய்யும். பம்ப், சுடுதண்ணீர் ஹீட்டர் எல்லாம் போகும். பிறகு பனி உருகும்போது தொட்டித் தண்ணீர் முழுவதும் வெடிப்புகளால் படகுக்குள்ளேயே கொட்டும்.

"நவம்பர் பாதிதானே ஆகுது? டிசம்பரில ஒரு ஆளைப் பிடிச்சுச் செய்விக்கலாம் எண்டிருந்தன்."

"எல்லாரும் அப்படித்தாங்க நினைச்சோம். நான் ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்துடுவேன். நீங்களும் வாங்க."

நான் இரண்டு இடங்களுக்கு போன் செய்தேன். படகு திருத்துகிற ஆட்களுக்கு அன்று ஊரிலுள்ள எல்லாப் படகுகளிலிருந்தும் அழைப்பு. ஒருவர் அடுத்த திங்கள் வரலாம் என்றார். திங்கள் வந்து எதைத் திருத்துவது?

இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். உங்கள் மச்சானைத் தெரியும்தானே, வழி முழுக்க ஒரே புறுபுறுப்பு. "உன்ர கொண்ணன்ர வள்ளத்துக்கு நான் ஏன் குளிருக்க சாகவேணும்? வித்துத் துலை எண்டு அப்பவே சொன்னனான்." அப்படிச் சொல்லிக்கொண்டே குறடு, திருப்புளி கிடக்கிற தன் ஆயுதப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஏணியில் இறங்க வேண்டுமே என்று பயந்துகொண்டுதான் முன்கதவைத் திறந்தேன். உள்ளே ஏணி இல்லை. அகலமான, உயரம் குறைந்த மூன்று படிகள். வழுக்காமல் றப்பர் ஒட்டி, பக்கத்தில் பிடித்து இறங்கக் கம்பியும் போட்டிருந்தது. இறங்கியதே தெரியவில்லை. அந்த நேரம் அதைப் பற்றி யோசிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை.

வித்யா வேலையைப் பங்கு பிரித்தாள். எஞ்சினை அவளே பார்த்தாள். "இதுல உறையாத மருந்தை அங்கிள் கரெக்டா ஊத்தியிருக்காரு" என்றாள். அந்த ஒன்றுக்காவது நன்றி. அடுத்தது தண்ணீர். தொட்டி, மூக்குப் பக்கம் தளத்துக்கு அடியில் இருக்கிறதாம். தட்டிப் பார்த்தாள், நிறைந்திருந்தது. பம்பை ஓடவிட்டு வெளியேற்றலாம் என்றால் பற்றரி செத்துப்போயிருந்தது.

"அப்போ தொட்டியோட வால்வை அடைக்கணும். அடைச்சிட்டு பம்ப்கிட்ட குழாயைக் கழட்டினா, உள்ள நிக்கிற தண்ணி வாளியில வந்துடும்."

"வால்வு எங்க?"

"பம்ப் பக்கத்துலதாங்க இருக்கும்."

"பம்ப் எங்க?"

"அதான் தெரியல."

நாங்கள் மூன்று பேரும் தேடினோம், அண்ணை. உங்கள் கட்டிலைத் தூக்கினோம். சிங்குக்குக் கீழே இருந்த அலுமாரியை வெறுமையாக்கினோம். அரிசி, பருப்பு, ஈஸ்ட் ஹாமில் வாங்கிய மிளகாய்த்தூள் ஐந்து பைக்கற். ஒரு தனி மனிதனுக்கு ஐந்து பைக்கற் மிளகாய்த்தூள் எதற்கு? நிலப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம். எந்தக் குழாயைப் பின்தொடர்ந்தாலும் அது நீங்கள் அழகாக அறைந்து மினுக்கி வைத்த ஒரு பலகைக்குப் பின்னால் போய் மறைந்தது. எல்லாவற்றையும் நீங்களே மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். எதிலும் ஒரு எழுத்துக் கிடையாது. யாராவது கேட்டால் "அதெல்லாம் நான் பாப்பன்" என்பீர்கள். இனி எப்படிப் பார்ப்பீர்கள்?

மூன்றரை ஆயிற்று. யன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நாங்கள் விடுகிற மூச்சு உள்ளேயே புகைபோலத் தெரிந்தது.

இவருக்குப் பொறுமை போய்விட்டது. சிங்குக்குக் கீழே ஒரு குழாய் இணைப்பைக் கண்டுபிடித்து, அதைக் குறட்டால் பிடித்துத் திருகப் போனார். "இதைக் கழட்டிவிட்டா எல்லாம் வடிஞ்சிடும். விடு என்னை."

"அங்கிள், வேணாம்!" வித்யா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "வால்வை அடைக்காமக் கழட்டினா தொட்டித் தண்ணி மொத்தமும் உள்ள வந்துடும். நிறுத்தவே முடியாது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? விடியும் மட்டும் அடுப்பை மூட்டிக்கொண்டு இருக்கிறதே?"

"நாலு நாள் இருப்பீங்களா?"

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். நாற்பது வருடமாக உங்களிடம் சொல்லாததையெல்லாம் அந்தப் பலகைகளிடம் சொன்னேன். "ஒரு மனுசனுக்கு ஒரு வீடு போதாதோ! எல்லாரையும்போல இருந்தாலென்ன! செத்தாப் பிறகும் என்னை இப்பிடி அலைக்கழிக்க உங்களுக்கு என்ன உரிமை!" முழங்கால் விண்விண் என்று வலிக்க, கதவடிப் படியில் போய்த் தொப்பென்று இருந்தேன்.

இருந்த சத்தம் கேட்டு இவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தார். கிட்ட வந்து குனிந்து விரலால் தட்டினார்.

"எழும்பு."

"என்னப்பா?"

"எழும்பன். உள்ளுக்கு வெறும் கோறை, ஒண்டுமில்லாத சத்தம் கேட்குது. பன்னிரண்டு திருகாணி போட்டு இறுக்கி, மேல பெயின்டும் அடிச்சு வைச்சிருக்கிறான் மனுசன்."

வித்யா கையை நெற்றியில் வைத்தாள். "ஐயோ, ஆமாங்க! பழைய ஏணி கையால தூக்குற மாதிரி இருந்துச்சு. அதுக்கு அடியிலதான் பம்ப் பாத்திருக்கேன். மறந்தே போச்சு. அப்புறம் அங்கிள் அதை எடுத்துட்டு இந்தப் படியைப் போட்டாரு, ஆன்ட்டி. உங்களுக்காகத்தான்."

"எனக்காகவோ?"

"தங்கச்சிக்கு முழங்கால் வலி, ஏணியில இறங்க முடியாதுன்னு சொல்லுவாரு. உயரம் சரியா இருக்கான்னு என்னை ஏறி இறங்கச் சொல்லிப் பாத்தாரு. மூணு வருஷம் இருக்கும்."

மூன்று வருடம். "வந்து பாரன்" என்று கேட்பதை நீங்கள் நிறுத்தியதும் மூன்று வருடத்துக்கு முன்புதான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கடைசியில் அண்ணைக்கு விளங்கிவிட்டது, இனி கேட்க மாட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்படியானால் படியைப் போட்டுவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேசையில் இருந்து சோறு சாப்பிட்டீர்களே. "ஏணியை எடுத்திட்டன், படி போட்டிருக்கு" என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? சொல்லியிருந்தால் எனக்குச் சாட்டு இல்லாமல் போயிருக்கும் என்று பார்த்தீர்களா? அல்லது நானாக வர வேண்டும் என்று இருந்தீர்களா? யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

அழ நேரமிருக்கவில்லை. இவர் திருகாணிகளில் இருந்த பெயின்டைக் கத்தியால் சுரண்டினார், நான் போன் வெளிச்சம் பிடித்தேன். ஒன்பது கழன்றன. மூன்று அசையவில்லை. கடைசியில் பலகையையே நெம்பினார். எனக்காக நீங்கள் போட்ட படி கறகறவென்று பிளந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே பம்ப் இருந்தது. பக்கத்தில் செம்பு நிற வால்வு. இறுகிக் கிடந்தது. இவருடைய மணிக்கட்டில் போன வருடம் சத்திரசிகிச்சை செய்தது, அவரால் ஏலவில்லை. நான் துவாயைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினேன். பள்ளிக்கூடத்துப் பெரிய சட்டிகளை இத்தனை வருடம் தூக்கிய கை, அண்ணை. திரும்பியது.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. வித்யா குழாயைக் கழற்றினாள், வாளி வாளியாக வெளியே ஊற்றினோம். ஹீட்டரின் அடியில் இருந்த மூடியைத் திறந்து அதையும் வடித்தாள். குழாய்களைத் திறந்தபடி விட்டோம். முடித்துவிட்டு மேலே வந்தபோது நாலே முக்கால். நன்றாக இருட்டிவிட்டது. கயிறுகள் அதற்குள் விறைத்துக் கம்பிபோல் நின்றன. வித்யா தன் படகில் தேத்தண்ணி தந்தாள். இவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "பிளான் போட்டு மறைச்சிருக்கிறான், ஆனா வேலை திறமான வேலை" என்றார். அவர் உங்களைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலு நாளும் உறைபனிதான். ஆற்றின்மேல் பனிக்கட்டி படிந்து தாராக்கள் அதில் வழுக்கி நடந்தன. பாலத்துக்கு அப்பால் ஒரு படகில் குழாய் வெடித்து, பாதி நிலம் தண்ணீரில் ஊறிப்போயிற்று. அந்த மனிதர் கரையில் நின்று ஒவ்வொரு பலகையாக உலர வைத்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நேற்றுப் பனி விட்டது. புதுப் பற்றரி போட்டு, வால்வைத் திறந்து பார்த்தோம். பம்ப் ஓடியது. சிங்கில் தண்ணீர் வந்தது. ஹீட்டர் தப்பிவிட்டது. நான் கை தட்டப் போன நேரத்தில் குளியலறையிலிருந்து "ஷ்ஷ்" என்று சத்தம். ஷவர் குழாயைத் திறந்துவிட நாங்கள் மூன்று பேரும் மறந்துபோனோம். அது உறைந்து நடுவால் வெடித்திருந்தது, பார்க்கப் போன இவருடைய முகத்தில் தண்ணீர் நேராக அடித்தது. அவர் நனைந்தபடி உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டு வித்யா வாய்விட்டுச் சிரித்துச் சிரித்து, முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தீரவில்லை. உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி. ஆறு வருடமாக நான் வெட்கப்பட்ட படகுக்குள் மூன்று மணித்தியாலம்போல இருந்தேன். வெட்கப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் சாகவும் வேண்டியிருந்தது, மைனஸ் ஆறு குளிரும் வேண்டியிருந்தது. இதற்கு யாரைத் திட்டுவது?

இவர் இப்போது விற்கிற கதை கதைப்பதில்லை. பிணைச்சல் போட்டுத் திறக்கிற மாதிரிப் புதுப் படி செய்யப் பலகை அளந்துகொண்டு திரிகிறார். விற்பதா வைத்திருப்பதா என்று எனக்கும் தெரியாது, இன்னும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் படகில் இருக்கிற ஒவ்வொரு குழாயிலும், ஒவ்வொரு பலகையிலும், ஒவ்வொரு வால்விலும் அது என்ன, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவேன். எனக்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கிறவர்கள், உள்ளே ஒருவர் தங்களுக்காக என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதை வந்தவுடனேயே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களோடு இன்னும் கோபமாக இருக்கிற,
உங்கள் ஒரே தங்கச்சி,
சறோ