அணையாத பச்சைப் புள்ளி

செவ்வாய், திண்டிவனம்.

ஐந்து கிராமப் பள்ளிகளுக்கு ஒரே ஆசிரியர் இணையத்தில் கணக்கு நடத்துகிறார். இணைப்பைக் கவனிப்பது என் வேலை. பனமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மட்டும் என் திரையில், இணைப்பு இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி வகுப்பு நேரத்தில் அணைந்ததே இல்லை. கூட்டத்தில் அந்தப் பள்ளியைப் பாராட்டியிருக்கிறேன்.

இன்று அங்கே சொல்லாமல் போனேன். வகுப்புக்காகக் கொடுத்த டிவி உறை பிரிக்காமல் சந்தனப் பொட்டோடு பீரோவில் இருந்தது. கணக்கு வகுப்போ தலைமையாசிரியரின் சட்டைப்பையில், போனில், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“புள்ளைங்க ஒடைச்சிட்டா ஆடிட்ல யாருங்க பதில் சொல்றது? அதான் தெனம் நானே ஜாயின் பண்ணிக்கினு இருக்கேனே மேடம்.”

ஐந்தில் இன்னொன்றான வானூர்ப் பள்ளியின் டீச்சர் தினமும், “சத்தம் கேக்கல மேடம்” என்று போன் செய்வார். நேற்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டால்தானே, கேட்கவில்லை என்பது தெரியும்?

இன்று அவர் போன் செய்யவில்லை.