பச்சைக்கு நிறம் அடிக்கவில்லை

19 ஒக்டோபர் 2006, வியாழன்
மழை. எலும்புக்குள் குளிர். செய்ய: குளிர்கால டயர், பால், உருளைக்கிழங்கு.

மகள் துளசியின் நோர்வேஜியப் பள்ளியிலிருந்து கடிதம். செவ்வாய் ஐ.நா. நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரின் நாட்டுக்கொடியை மேடையில் காட்டி விளக்க வேண்டுமாம்.

"சிங்கக்கொடி இந்த வீட்டுக்குள்ளை வராது" என்றேன். சத்தமாகத்தான். தம்பியைப் பிடித்துவைத்த இராணுவச் சென்றிக் காவலரணில் பறந்த கொடி அது. அவன் திரும்பி வரவில்லை. துளசிக்கு இது தெரியாது. வசந்தி சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். எனக்கு இப்படியொரு மனைவி.

20, வெள்ளி
வேலையில் நிற்க ஆசிரியையின் ஃபோன். "வீட்டில் கொடி இருக்கிறதா, எங்கே?" என்ற கேள்விக்குத் துளசி "வங்கியில்" என்று எழுதியிருக்கிறாளாம். அவ்வளவு மதிப்பான கொடியா என்று கேட்டா.

விசாரித்தால், நேற்று இவள் "அம்மா, எங்கட கொடி எங்கை?" என்று கேட்க, வசந்தி தாலிக்கொடியை நினைத்து "பாங்கிலை" என்றிருக்கிறாள். கனநாளுக்குப் பிறகு மூவரும் சிரித்தோம்.

பிறகு மனம் கேட்கவில்லை. பிள்ளை வெறுங்கையோடு மேடையில் நிற்பதா? வரையச் சொன்னேன். கடுதாசியில் மட்டும்.

22, ஞாயிறு
டயர் இன்னும் மாற்றவில்லை. எங்கள் குடியிருப்பு ஹவுகன்ஸ்டுவாவின் மலைப்பக்கம் முழுக்கப் பனிப்புகார்.

நூலகப் புத்தகத்தைப் பார்த்து வரைகிறாள். வாளோடு சிங்கம், நாலு மூலையிலும் அரசிலை, ஓரத்தில் செம்மஞ்சளுக்கும் பச்சைக்கும் இரண்டு பட்டை.

"அப்பா, செம்மஞ்சள் தமிழராம். நாங்களாம்."
"ஓம்."
"பிறகேன் சிங்கம் வாளோடை எங்கட பக்கம் பாக்குது?"

அப்படிக் கேள் மகளே என்று உள்ளுக்குள் சந்தோசம். தம்பியைப் பற்றிச் சொன்னேன். முதன்முறை. பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பச்சை ஆர்?"
"முஸ்லிம் ஆக்கள்."
"உங்கட ஊரிலையும் இருந்தவையோ?"
"இருந்தவை. பிறகு போகச் சொல்லிப்போட்டினம்."
"ஆர் சொன்னது?"

டயர் மாற்ற வேண்டும் என்று எழும்பிவிட்டேன். மழைக்குள். வெட்கம்.

தையல்கடை சலீம் காக்கா. என் முதல் நீளக் காற்சட்டை அவர் தைத்தது. போகச் சொன்ன அன்றைக்கு ஒரு பையோடு, பிள்ளைகளோடு எங்கள் வீட்டு ஒழுங்கையால் போனார். நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது. சின்னப்பிள்ளை இல்லை.

24, செவ்வாய்
அரைநாள் லீவு. பள்ளி மண்டபம், ஈரச் சப்பாத்து மணம். சோமாலியா, சிலி, பாகிஸ்தான், எல்லாம் துணிக்கொடி. எங்களுடையது கடுதாசி.

நோர்வேஜிய மொழியில் தடங்கல் இல்லாமல் சொன்னாள். சிங்கம் வீரமாம். இலைகள் கருணையாம். "செம்மஞ்சள் நாங்கள். என் சித்தப்பாவும்." மற்றப் பட்டை வெறும் வெள்ளை. ஆசிரியை குனிந்து, முடிக்க நேரம் கிடைக்கவில்லையா என்று கேட்டா.

"இது முஸ்லிம்கள். அப்பாவின் ஊரிலிருந்து அவர்களைப் போகச் சொன்னது யார் என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. அதனால் நிறம் அடிக்கவில்லை."

கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடுதாசியை மேசையில் விரித்தாள்.

"ஆர் அப்பா?"
"எங்கட ஆக்கள்தான், எங்கட இயக்கம். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பெட்டியைத் திறந்து பச்சைப் பென்சிலை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் அடியுங்கோ."