கறுத்த பழமும் உங்கள் பெயரும்

கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கனிந்த வாழைப்பழத்தின் வாசனை இன்னும் விரலிடுக்கில் இருக்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் பாப்பாவைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் துபாயில் இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் உங்களுக்கு எழுதுவேன். இப்போது முகவரி இல்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது.

ஐந்தாவதோடு நின்றவள் நான். மளிகைச் சாமான் கட்டிவந்த தாளையெல்லாம் பிரித்து வைத்துப் படித்துத்தான் எழுத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டேன். அப்படிப் படித்தவளுக்குக் கடிதத்தில் வேறென்ன எழுதத் தெரியும்? பால் கணக்கு, பாப்பாவின் பள்ளிக்கூடச் செலவு, சீட்டுப் பணம். ஒருமுறை போனில் சொன்னீர்கள்: "கடுதாசின்னு நெனச்சுப் பிரிச்சா மளிகைச் சீட்டு வந்திருக்கு புள்ள. நடுவுல எங்கயாச்சும் என்னைய விசாரிச்சிருக்கியான்னு தேடிக்கிட்டு இருக்கேன்." விசாரித்திருந்தேன். கடைசி வரியில், கூட்டுத்தொகைக்குக் கீழே.

ஊரோடு வந்து சேர்ந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை போட்ட புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் வந்து நின்றீர்கள். நான் பூஜையை முடித்து இட்லியும் இறக்கியிருந்தேன். "இன்னிக்கு லேட்டா சாப்புடுவோம்" என்றீர்கள். "ஏங்க, வயித்துக்கு என்ன?" என்று கேட்டேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அங்கே ஓட்டலில் காலை நேரத்தில் பேன்கேக் சுடுவதுதான் உங்கள் வேலை. லீவு நாளென்றால் ஆட்கள் வெயில் ஏறின பிறகு எழுந்து, குடும்பம் குடும்பமாக வந்து, அவசரமே இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே சுடுவேன். ஒரு நாளாவது அந்தப் பக்கம் போயி உக்காந்து திங்கணும் புள்ள" என்றீர்கள்.

இத்தனை வருஷம் அந்த அடுப்படியில் நான் ஒருத்திதான். ஓர் ஆண்பிள்ளை வந்து டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் தேடிய பழம் வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்து கொண்டுவந்த பழம், தின்ன ஆளில்லாமல் கறுத்துப் போய் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. சாமிக்குப் படைத்ததைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. "இதாம் பழம். மஞ்சளா இருந்தா ருசியே இருக்காது" என்று அதை எடுத்துப் பிசைந்தீர்கள். அடுத்து முட்டையை எடுத்தீர்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி பழத்துல முட்டைய ஒடைப்பீங்களா?"

"முட்டை போடலன்னா எழும்பாது புள்ள."

"எழும்பாட்டி படுத்துக் கெடக்கட்டும்."

சிரித்துவிட்டீர்கள். முட்டையை வைத்துவிட்டுப் புளித்த தயிரும் ஒரு சிட்டிகை சோடாவும் போட்டுக் கலக்கினீர்கள். நன்றாகவே எழும்பியது. மேலே சப்போட்டாவை நறுக்கி அடுக்கி, நாட்டுச்சர்க்கரைப் பாகு ஊற்றினீர்கள். அன்றைக்கு வந்திருந்த உங்கள் அக்கா, தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாவுல பழத்தப் பெசஞ்சு சுட்டா அதுக்குப் பேரு அப்பம்டா. இதுக்கா துபாய் போன?" என்றார்கள். "அப்பம் குழிக்குள்ள சுருண்டு கெடக்கும்க்கா. இது காலு நீட்டிப் படுத்திருக்கு பாரு" என்றீர்கள். அக்கா மூன்று தின்றார்கள்.

அதிலிருந்து ஞாயிறு உங்களுடையதாகிவிட்டது. கல்லில் ஊற்றும் முதல் பேன்கேக் எப்போதும் பிய்ந்துதான் வரும். அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு "இது மாஸ்டருக்கு" என்பீர்கள். மாவின் மேல் குமிழி வந்து உடையும். "ஓட்டை தொறந்தபடியே நிக்கணும், அப்பத்தான் திருப்பணும். மூடிக்கிச்சுன்னா பொறுக்கணும்" என்பீர்கள். எனக்கும் பாப்பாவுக்கும் தட்டு நிறையும். "நீங்க வந்து உக்காருங்க" என்பேன். "இந்தா, ஒண்ணு" என்பீர்கள். அந்த ஒன்று முடியவே முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று வந்தவர், இங்கேயும் நின்றுகொண்டேதான் இருந்தீர்கள்.

அரியலூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில், பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் இல்லை. எனக்கு நீங்கள் "ஏங்க"தான். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டுவேன். சாமி சன்னிதியில் மட்டும் சொல்லியாக வேண்டும். குருக்கள் "யார் பேருக்கு?" என்று கேட்டதும் உங்கள் பெயர், கேட்டை நட்சத்திரம், பிறகு என் பெயர், பாப்பா பெயர். வெள்ளிக்கிழமை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நீங்களும் வந்து, என் தோளுக்குப் பின்னால் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பீர்கள். வெளியே வந்ததும், "நம்ம பேர நம்ம பொண்டாட்டி வாயால கேக்க வாராவாரம் அர்ச்சனை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கு" என்பீர்கள். "சாமிகிட்ட என்ன பேச்சு இது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். உங்களுக்காகத்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன் என்பதை நான் சொன்னதில்லை.

நீங்கள் கடையில், கல்லாவின் மேல் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். நான் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறாளே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொன்னார்கள். கருமாதிச் செலவு வரைக்கும் ஒரு வரி விடாமல் எழுதி, கூட்டி, உங்கள் தம்பியிடம் காட்டினேன். வருஷம் திரும்பும்வரை கோயிலுக்குப் போகவேண்டாம் என்று அக்கா சொன்னார்கள், போகவில்லை. காலையில் எழுந்தேன், விளக்கேற்றினேன், சமைத்தேன். ஒரு நாள் அக்கா, "சாம்பார்ல உப்பே இல்லையேடி" என்றார்கள். இன்னொரு நாள், "கடல் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனியா?" என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் திருமழபாடியில், கொள்ளிடக் கரையில் உங்கள் தம்பி வருஷத் திதி கொடுத்தார். அது முடிந்து வந்த முதல் வெள்ளி, லீவில் வந்திருந்த பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குருக்கள் புதியவர். நம்மைத் தெரியாது. "யார் பேருக்கும்மா?" என்றார். வாயைத் திறந்தேன். உங்கள் பெயர் வந்தது, அதற்குப் பின்னால் கேட்டை நட்சத்திரமும் வந்தது. அவர் அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போனவர்களின் பேருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பது எனக்குத் தெரியாதா? கூப்பிட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம். நின்றுகொண்டிருந்தேன். கற்பூரம் காட்டினார்கள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு வந்து, பழத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். தின்னவும் தோன்றவில்லை, யாருக்கும் கொடுக்கவும் தோன்றவில்லை.

இன்று காலை பாப்பா எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பழம் கறுத்துருச்சும்மா. சுடுவோமா?"

"வேணாம். இட்லி இருக்கு."

"ஏம்மா?"

"அது வேற பழம். வுடு."

"தெரியும். நீ அப்பா பேரச் சொன்ன. கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

"போனவங்க பேருக்குப் பண்ணக் கூடாது பாப்பா. வாய் தவறிருச்சு" என்றேன்.

"குருக்கள் ஒண்ணும் சொல்லல. சாமியும் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்லிக்கிட்டு இருக்க" என்றாள். உங்கள் வாய் அவளுக்கு. பிறகு இட்லிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நான் வூட்டுக்கு வர்றதே ஞாயித்துக்கெழமைக்குத்தாம்மா. வந்தா நீ காலங்காத்தால இட்லிய மூடி வெச்சுட்டு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. இனிமே ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன். அங்கயும் இட்லிதான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் பையைக் கட்டத் தொடங்கிய சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. கேட்டுக்கொண்டே நின்றேன். அதுகூட எங்கோ அடுத்த வீட்டில் நடப்பதுபோல்தான் இருந்தது. மனசு வந்து செய்தேன் என்று எழுத ஆசைதான். மனசு ஒன்றும் வரவில்லை. கைதான் போய்ப் பழத்தை எடுத்தது. தோலை உரித்துக் கிண்ணத்தில் போட்டுப் பிசைந்தேன். மைதா, பால், புளித்த தயிர், சோடா. கல்லைப் போட்டேன். சத்தம் கேட்டுப் பாப்பா வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

அவசரப்பட்டுத் திருப்பிவிட்டேன். பிய்ந்துவிட்டது.

"அது மாஸ்டருக்கு" என்றாள் பாப்பா.

நின்றபடியே வாயில் போட்டேன். மென்றேன். "உப்புப் போடல" என்றேன்.

பாப்பா என் முகத்தையே பார்த்தாள். "ஒனக்குத் தெரியுதாம்மா?"

தெரிந்தது. இனிப்புக்கு அடியில் இருக்கவேண்டிய உப்பு இல்லை. நீங்கள் இரண்டு விரலால் கிள்ளிப் போடுவீர்களே, அது. கிள்ளிப் போட்டுக் கலக்கினேன். அடுத்தது ஓட்டை திறந்தபடியே நிற்கும்வரை பொறுத்துத் திருப்பினேன். முழுசாக வந்தது. சப்போட்டா இல்லை, கொய்யாவை நறுக்கி வைத்தாள். பையைக் கூடத்திலேயே போட்டுவிட்டு உட்கார்ந்து தின்றாள். "நீயும் வந்து உக்காரும்மா" என்றாள். "இந்தா, ஒண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "இனிமே கோயில்ல அப்பா பேரச் சொல்ல மாட்டல்ல?"

"கூடாதும்மா."

"அப்ப எங்க சொல்லுவ?"

பாகுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். பஸ் ஏறும்போது, "அடுத்த வாரம் முட்டை போட்டுப் பாப்போமா?" என்றாள். "சாமி பழத்துலயா?" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் வருவாள்.

வீட்டுக்கு வந்து கல்லைக் கழுவிக் கவிழ்த்தேன். வரும் வெள்ளிக்கிழமை என் பெயரிலிருந்துதான் தொடங்கவேண்டும். தொடங்கிவிடுவேன். இதை எழுத உட்காரும் முன், அடுப்படியில் நின்று உங்கள் பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்தோடு, கொஞ்சம் சத்தமாக.

டிக்கெட் எடுக்கவில்லை.