பின்சீட்டில் ஒரு வருஷம்

பிப்ரவரி 5, 2024. திங்கள்

இன்றும் பஸ். அரூர் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மூட்டை எடை போட்டு முடித்துவிட்டார்கள். முதலாளி நஞ்சப்பன் அண்ணன் கோபப்படவில்லை. "உக்காருப்பா மாதவராசு, டீ சாப்புடு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மலைக்குப் போய்ப் புளியும் சாமையும் பார்த்துப் பேசி வாங்கி வருவதுதான் என் வேலை. டீ குடிக்கவா என்னை வைத்திருக்கிறார்?

பொங்கலுக்கு முன்னால் அதே மண்டியில்தான் வலிப்பு வந்து விழுந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. தருமபுரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலிப்பு வராம ஒரு வருஷமாவது போகட்டும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க." எனக்கு முந்தி என் மனைவி மேனகா தலையாட்டினாள்.

பிப்ரவரி 18. ஞாயிறு

என் மோட்டார் பைக்கைத் துடைத்தேன். ஸ்டார்ட் செய்து பார்த்தேன், அவ்வளவுதான். சத்தம் கேட்டு மேனகா கரண்டியோடு ஓடி வந்து நின்றாள். "சும்மா... பேட்டரி எறங்கிடும்னு" என்றேன்.

மார்ச் 13

சித்தேரி மலையிலிருந்து எங்களுக்குப் புளி கொடுக்கும் கரியன் போன். "புளி ஒடைச்சு வெச்சிருக்கறோம், எப்ப வர்றீங்க?" நாளைக்கு என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 14

மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மேனகா காட்டு வேலைக்குப் போன நேரம் பார்த்து வண்டியை எடுத்தேன். மாத்திரைதான் போடுறேனே, என்ன ஆயிடப் போவுது? மலை ரோடு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இடது கை விரல்கள் தானாக இழுத்தன. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். அதுவரைக்கும்தான் ஞாபகம்.

விழித்தபோது மர நிழலில் கிடந்தேன். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்களே — வேறு இரும்பு கிடைக்காமல் என் வண்டிச் சாவியையே உள்ளங்கையில் திணித்திருந்தார்கள். மேனகாவுக்குப் போன் போட்டதும் அவர்கள்தான்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். திட்டுவாள் என்று இருந்தேன். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். வண்டியைப் பக்கத்து டீக்கடையில் விட்டுவிட்டு வந்தோம். வழி முழுக்க என் மணிக்கட்டை விடவே இல்லை. வீடு தெரிந்ததும் கேட்டாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஐஸ்வர்யாவுக்கு நான் என்னாங்க சொல்லட்டும்?" எங்கள் மகள், ஒன்பதாவது படிக்கிறாள்.

ஏன்டா எடுத்த? ஏன்?

மார்ச் 16

மாத்திரையைக் கூட்டினார்கள். வருஷக் கணக்கு முதலிலிருந்து.

மார்ச் 24. ஞாயிறு

மேனகாவின் தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "வித்துடலாம்" என்றேன்.

"எதுக்கு விக்கணும்? எனக்குக் கத்துக்குடுங்க."

"கியர் வண்டி மேனகா, இது."

"நீங்க மட்டும் பொறக்கறப்பவே கியர் போட்டுக்கிட்டா பொறந்தீங்க?"

ஐஸ்வர்யா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாச்சு.

ஏப்ரல் 7

பள்ளிக்கூட மைதானம். சேலை சரிப்படாது என்று சுடிதார் பேன்ட்டின் மேல் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கிளட்சைப் பட்டென்று விடுகிறாள், வண்டி துள்ளித் துள்ளி நின்றுவிடுகிறது. நான் கத்திவிட்டேன். இறங்கிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "கத்துனா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுங்க."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்லிப் புரியவைப்பது? "கன்னுக்குட்டிக் கயித்த எப்படி விடுவ? வெடுக்குன்னா விடுவ? அப்படி விடு."

விட்டாள். வண்டி நகர்ந்தது. நான் பைத்தியக்காரன் மாதிரி கூடவே ஓடினேன்.

ஏப்ரல் 8

முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு. மஞ்சள் நான் வைத்துவிட்டேன்.

ஜூன் 20

கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டாள்! லைசென்ஸ் வந்துவிடும். எனக்குத்தான் கண் கலங்கியது. தூசி என்றேன்.

ஜூன் 23

முதல் தடவையாகப் பின்னால் உட்கார்ந்தேன். என் வண்டியில், நான். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. டீக்கடையில் குமார் அண்ணன் சத்தமாகக் கேட்டார், "என்னா மாதவா, டிரைவர் வெச்சுக்கிட்டியா?" தலையைக் குனிந்துகொண்டேன். மேனகா வண்டியை நிறுத்தினாள். "ஆமாங்ணா. இவர மட்டுந்தான் ஏத்துவேன்."

பதில் சொன்னதென்னவோ தைரியமாகத்தான், ஆனால் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பயந்துபோய்த்தான் ஓட்டுகிறாள். தோளைத் தொட்டு, "நல்லா ஓட்டற" என்றேன். அதற்குப் பிறகு கை அங்கேயே இருந்தது.

டிசம்பர் 2

சித்தேரி. மலை முழுக்க அவள்தான் ஓட்டினாள். நான் சாமையைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள்கூட மூட்டையை எடுத்து வந்தார்கள். "எடையில ஏமாத்திடுவாங்கன்னு பயப்படறாங்க. தராச அவங்க வாசல்லயே வெச்சா ஆச்சு" என்றாள். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை.

"இனிமே மேனகாவையும் கூட்டிக்கிட்டுப் போப்பா" என்கிறார் நஞ்சப்பன் அண்ணன். பொறாமையா எனக்கு? கொஞ்சம். பெருமை அதைவிடக் கூட.

ஜனவரி 30, 2025

போன மார்ச்சுக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. அதை எழுதவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4

"இனி ஓட்டலாங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, தூக்கம் கெடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். மேனகாவைப் பார்த்தேன். "மலை ரோட்டுலயுமாங்க?" என்று அவரிடம் கேட்டாள். நிதானமாகப் போனால் சரிதான் என்றார்.

திரும்பி வரும்போதும் அவளே ஓட்டினாள்.

ஏப்ரல் 17. வியாழன்

காலையில் நஞ்சப்பன் அண்ணன் போன். "மேனகா இருக்குதா?" கொடுத்தேன். சித்தேரியில் புளி தயாராம்.

போகும்போது அவள். வேலை முடிந்து கிளம்பும்போது வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள். "இங்கிருந்து நீங்க ஓட்டுங்க" என்றாள்.

முதல் இரண்டு வளைவு வரைக்கும் விரல்கள் என் இடுப்பில் பதிந்திருந்தன. மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. மெதுவாக இறக்கினேன். அப்புறம் பிடி தளர்ந்தது. முதுகில் ஹெல்மெட் இடித்தது, பிறகு சாய்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். தூங்கிவிட்டாள்.

எழுப்ப மனசு வரவில்லை. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தேன். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி வழி விட்டேன். அவளாகக் கண் விழிக்கும்வரை இரண்டு காலையும் ஊன்றி, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.